செவ்வாய்க்கிழமை லாரிகள்

காந்தல், ஊட்டி
12-6-2000

அன்புள்ள தங்கை சுந்தரிக்கு,

அண்ணன் தனசிங் எழுதுவது. நேற்று நல்லபடியாகக் கோயமுத்தூர் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். பர்லியாரில் பஸ் நின்றபோது மங்குஸ்தான் வாங்கினாயா என்று உன் அண்ணி கேட்கச் சொன்னாள்.

உன் கல்லூரி ப்ராஜெக்டுக்கு நீ கேட்ட இலைப் பதிவேட்டின் நகல் இத்துடன் இருக்கிறது. ஏப்ரல், மே இரண்டு மாதம். எந்த லாரி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை கிலோ இலை என்று எல்லாம் எங்கள் எடைக் கிளார்க் அய்யாவு கையால் எழுதியது. ஜெராக்ஸ் எடுத்து வர முதலாளியே ஜீப்பைக் கொடுத்தார். இந்த ஃபேக்டரியில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன், தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்கிற டீ மேக்கராகவே பதினொரு வருஷம். எனக்கு அவர் ஜீப் கொடுத்தது இதுதான் இரண்டாவது தடவை. முதல் தடவை அவருடைய நாய்க்கு ஊசி போட.

மனதில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை, எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை நீ ஸ்டாப் வாட்ச்சோடு டிரையர் பக்கம் நின்றபோது கருணாகரன் முதலாளி உன்னை மேடம் என்றார். தன் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். டீ ஃபேக்டரி முதலாளி வீட்டிலிருந்து காபி கொண்டுவருவதே உனக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். அந்த ஃபிளாஸ்கின் மூடி எனக்காக இதுவரை திறந்ததில்லை.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். பச்சைத் தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போய்விட்டது. சுற்று வட்டாரத்தில் இரண்டு ஃபேக்டரி பூட்டியாயிற்று. அவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த சிறு விவசாயிகள் இப்போது எங்கள் கேட்டில் வந்து நிற்கிறார்கள். முதலாளி அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, இன்னொரு கட்டடம், இன்னொரு மெஷின் வரிசை, இன்னொரு டிரையர் போட வேண்டும் என்கிறார். "வெல போனா போகுதுங்க, எடையில புடிச்சுக்கலாம்" என்பது அவருடைய பேச்சு.

நான் ஆறு வருஷமாக ஒன்றே ஒன்றைத்தான் சொல்லி வருகிறேன். இலை அதிகமில்லை, வருகிற நேரம்தான் நெருக்கம். சோலூர் லாரியை மூன்று மணிக்குப் பதிலாக ஒரு மணிக்குள் வரச் செய்தால் இருக்கிற மெஷினே போதும். அவர் சிரித்துவிட்டுப் போவார். இப்போது கம்ப்யூட்டர் சொல்லட்டும் என்கிறார். நான் வாயால் சொன்னதை நீ தாளில் சொல்லப் போகிறாய், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
தனசிங்


கோயமுத்தூர்
24-6-2000

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுந்தரியின் வணக்கம். மங்குஸ்தான் வாங்கினேன், பாதி அழுகல். அண்ணியிடம் சொல்லாதீர்கள்.

காபி விஷயத்துக்கு நான் என்ன செய்ய முடியும்? கொடுத்தார், குடித்தேன். அதில் சர்க்கரை அதிகம். உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரிந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

நான் செய்வது என்ன என்று ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். 'சிமுலேஷன்' என்று நான் சொன்னபோது நீங்கள் சினிமாப் பெயர் மாதிரி இருக்கிறது என்று கேலி செய்துவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். உங்கள் ஃபேக்டரியை நான் கம்ப்யூட்டருக்குள் ஒரு தடவை கட்டுகிறேன். லாரி வருகிறது, எடை போடுகிறார்கள், இலை மேல்மாடியில் வாடுகிறது, அரைபடுகிறது, நிறம் மாறுகிறது, டிரையரில் காய்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஆகிற நேரத்தைக் கொடுத்தால் ஒரு வருஷத்து வேலையை அது கால் மணி நேரத்தில் ஓட்டிக் காட்டும். பிறகு இல்லாத டிரையர் ஒன்றை வைத்து மறுபடி ஓட்டலாம். எங்கே இலை தேங்குகிறது, எது சும்மா நிற்கிறது என்பதைச் செங்கல் வைப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம். விலை நன்றாக இருந்தபோது யாரையும் கேட்காமல் கட்டியவர்கள்தானே இன்றைக்குப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம். மற்ற நாட்களில் நான்கு லாரிகளும் கால் மணி, அரை மணி இடைவெளி விட்டு வருகின்றன. செவ்வாய்க்கிழமை மட்டும் நான்கும் நாலரை மணிக்கு ஒன்றாக வந்து நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான், ஆனால் ஆறு மணிக்கு. இரண்டு மாதமும் இதே கதை. செவ்வாய் ஊட்டிச் சந்தை என்பதால் வழியில் மாட்டிக்கொள்கின்றனவா? ஞாயிறு ஏன்? நான் வந்ததெல்லாம் வெள்ளியும் சனியும். ஞாயிறு நீங்கள் என்னைச் சர்ச்சுக்குக் கூட்டிப்போய், சாப்பிட வைத்து, பஸ் ஏற்றிவிடுகிறீர்கள். அந்த இரண்டு நாட்களில் கேட்டில் நின்று நான் பார்த்ததே இல்லை. நீங்கள் தினமும் நிற்கிறவர். ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
சுந்தரி


காந்தல்
3-7-2000

அன்புள்ள சுந்தரிக்கு,

உன் ஊகம் சரியாகத்தான் இருக்கும். செவ்வாய் சந்தை நாள். ஞாயிறு ஆட்கள் மெதுவாகத்தான் இலை பறிப்பார்கள். படித்தவள் நீ, நான் சொல்லியா தெரிய வேண்டும்.

போன வாரம் முதலாளியின் மச்சினன் கீழே சமவெளியிலிருந்து வந்திருந்தார். அவரிடம் என்னைக் காட்டி, "இவரு தங்கச்சிதாங்க நம்ம ஃபேக்டரிய கம்ப்யூட்டர்ல போடுது" என்றார். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு நான் யார் என்றால் இன்னாரின் அண்ணன். உன் அண்ணியும் சளைத்தவள் இல்லை. தண்ணீர்க் குழாயில் நிற்கிற பெண்களிடமெல்லாம் உன் படிப்பைப் பற்றித்தான் பேச்சு. அவளுக்கு நான் டீ மேக்கர் ஆனபோது இவ்வளவு வாய் நீளவில்லை.

எனக்கும் ஒரு காலத்தில் டீ டெக்னாலஜி படிக்க இடம் கிடைத்தது, உனக்குத் தெரியாது. கடிதம் வந்த அதே மாதம் அப்பாவின் கை இலை அரைக்கிற ரோலரில் போயிற்று. எனக்குப் பத்தொன்பது, உனக்கு எட்டு. நான் அவர் இடத்தில் ஏறினேன். நீ படித்தாய். நீ படிக்க வேண்டும் என்று சொன்னவனும் நான்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் நீ அவ்வளவு படித்து என் ஃபேக்டரிக்கே வந்து நிற்பாய் என்று நினைக்கவில்லை. ஊரில் எத்தனையோ மில் இருக்கிறது, எத்தனையோ கம்பெனி இருக்கிறது.

இப்படிக்கு,
தனசிங்


கோயமுத்தூர்
29-7-2000

அன்புள்ள அண்ணாவுக்கு,

முடிவு வந்துவிட்டது. முதலில் உங்களுக்குத்தான் சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் முதலாளியே காரில் கல்லூரிக்கு வந்துவிட்டார். எங்கள் பேராசிரியரின் அறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தார். திரையில் லாரிகள் நகர்வதைப் பார்த்து, "இது நம்ம சோலூர் வண்டிங்களா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மாடல் சொல்வது இது. செவ்வாயும் ஞாயிறும் நான்கு லாரி இலையும் ஒரே நேரத்தில் இறங்குவதால் இலை வாடப் போட இடம் போதவில்லை. அந்த நெருக்கம் மறுநாள் வேலையையும் இழுத்துவிடுகிறது. இன்னொரு மாடி, இன்னொரு மெஷின் வரிசை, இரண்டாவது டிரையர் மூன்றும் சேர்ந்தால்தான் தேக்கம் தீர்கிறது. முதலாளி நினைத்ததே சரி.

உங்கள் யோசனையையும் விட்டுவிடவில்லை. சோலூர் லாரியை ஒரு மணிக்கு வரவைத்து ஓட்டிப் பார்த்தேன். மற்ற ஐந்து நாட்களுக்கு நன்றாகவே இருக்கிறது. செவ்வாய், ஞாயிறு வந்தால் எடுபடவில்லை. வருத்தப்படாதீர்கள், கண்ணால் மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஒரு பக்கம் தவறிவிடும்.

ஒன்றுதான் உறுத்துகிறது. மாடலில் செவ்வாய் இலையில் பாதி காத்திருந்தே சிவந்து கெட்டுப்போகிறது. நிஜத்தில் அந்த இலையில் செய்கிற புதன்கிழமைத் தூள் அவ்வளவு மோசமாக இருந்தால் ஏலத்தில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் விற்றிருக்கிறது. மாடலை நிஜத்தோடு ஒட்டிப் பார்க்காமல் நம்பக் கூடாது. புதன்கிழமைத் தூள் எப்படி இருக்கும் என்று நாக்கில் வைத்துப் பார்த்தவர் நீங்கள். எழுதி அனுப்புங்கள், ஒரு பக்கம் போதும்.

அன்புடன்,
சுந்தரி


காந்தல்
7-8-2000

சுந்தரிக்கு,

எனக்கு நேரமில்லை. கண்ணால் மட்டும் பார்க்கிறவன் நாக்கால் என்ன கண்டுபிடித்துவிடப் போகிறான்.

வெள்ளிக்கிழமை சம்பளம் வாங்க வரிசையில் நின்ற அத்தனை பேருக்கு முன்னால் உன் அறிக்கையை முதலாளி தூக்கிக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சிக்கு இருக்கற யோசன அண்ணனுக்கு இல்லீங்களே தனசிங்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் கைக்குக் கீழே வேலை பழகியவர்கள் அவர்கள்.

செப்டம்பர் நான்காம் தேதி, திங்கட்கிழமை பூமி பூஜை. கோயமுத்தூர் வீட்டையும் ஃபேக்டரியையும் பேங்கில் அடமானம் வைக்கிறார். உனக்கு மாலை போட வேண்டும் என்று பேச்சு நடக்கிறது. நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வா.

தனசிங்


கோயமுத்தூர்
16-8-2000

அண்ணாவுக்கு,

உங்களுக்கு என் மேல் பொறாமை. இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இருந்ததில்லை, தாளில் இருக்கிறது.

நான் கேட்டது ஒரு பக்கம். அதை எழுத உங்களுக்கு மனம் வரவில்லை. என்னை அத்தனை பேருக்கு முன்னால் புகழ்ந்தது முதலாளி, உங்களைச் சிரிப்புக்கு ஆளாக்கியதும் முதலாளி. அவரிடம் ஒரு வார்த்தை பேச முடியாமல் என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள். கேட்டதற்குப் பதில் வராததால் அந்தச் சந்தேகத்தை நான் இறுதி அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டேன். பேராசிரியரும் ஒப்புக்கொண்டுவிட்டார்.

பூஜைக்கு வருகிறேன். காந்தலுக்கு வரமாட்டேன். ஊட்டியில் என் சிநேகிதி ஆஷ்லி வீட்டில் தங்கிக்கொள்கிறேன். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

சுந்தரி


காந்தல்
28-8-2000

அன்புள்ள தங்கை சுந்தரிக்கு,

பதில் வேண்டாம் என்றாய். எழுதித்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை முதலாளி என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். பேங்கில் ஒரு தாள் கேட்டிருக்கிறார்களாம். உன் அறிக்கையில் இருக்கிற நேரமும் எடையும் உண்மை என்று ஃபேக்டரியின் டீ மேக்கர் கையெழுத்துப் போட வேண்டும். முதலாளி பேனாவின் மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "நீங்க போட்டாத்தான் நம்புவாங்க. உங்க கண்ணு தப்பாதுங்களே தனசிங்" என்றார். ஆறு வருஷமாக அவர் வாயிலிருந்து நான் எதிர்பார்த்துக் காத்திருந்த வார்த்தை அது. ஒரு பொய்க்குக் கையெழுத்துக் கேட்கும்போது வந்தது. அடுத்த சனிக்கிழமை வரை தவணை சொல்லிவிட்டு வந்தேன்.

பொய் என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? செவ்வாய்க்கிழமை நான்கு லாரியும் நாலரைக்கு வருவதில்லை. மூன்றுக்கு ஒன்று, மூன்றரைக்கு ஒன்று என்று மற்ற நாளைப் போலத்தான் வருகின்றன. செவ்வாய் மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம். ஞாயிறு ஆட்கள் தாமதமாக வருவதால் லாரிகளே நாலரைக்கு மேல்தான் வரும், அன்றைக்கு ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு வரை. அந்த நேரத்தில் அய்யாவு பதிவேட்டில் பேனா வைக்க மாட்டார். முதலாளியின் அம்மா மருதாம்பாள் காலத்திலிருந்து அப்படித்தான். எடை போடுவார்கள், இலை மேலே போய்விடும், வேலை எதுவும் நிற்காது. பதிவேட்டில் மட்டும் ராகு காலம் முடிந்த பிறகு எல்லா லாரியையும் ஒன்றாக எழுதிவைப்பார். நாம் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், பஞ்சாங்கம் பார்க்கிற பழக்கமில்லை. உனக்கு அது தோன்றாதது உன் தப்பில்லை.

முதலாளிக்கும் இந்த வழக்கம் தெரியும், அய்யாவுக்கும் தெரியும். அதை உன் கணக்கோடு சேர்த்து யோசிக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. யோசித்தவன் நான் ஒருவன்தான். நீ ஜூனில் கேட்டபோதே தெரியும். சந்தை என்று நீயே ஒரு காரணம் எழுதியிருந்தாய், நான் அதைப் பிடித்துக்கொண்டேன். புதன்கிழமைத் தூளைப் பற்றிக் கேட்டாயே, அது மற்ற நாள் தூளைப் போலவே இருக்கும், ஒரு குறையும் இல்லை. அதை எழுதியிருந்தால் நீ அன்றைக்கே கண்டுபிடித்திருப்பாய். அதனால்தான் எழுதவில்லை.

நீ விழ வேண்டும் என்று நினைத்தேன் சுந்தரி. முழுதாக விழ வேண்டாம், எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு தடவை தடுக்கினால் போதும் என்று. கட்டடம் கட்டுவார்கள், புது மெஷின் சும்மா நிற்கும், அப்போது முதலாளி என்னைத் தேடி வருவார் என்று கற்பனை செய்து பார்த்துக்கொண்டேன். இந்த விலையில் சும்மா நிற்கிற மெஷினோடு ஃபேக்டரி ஒரு வருஷம்கூடத் தாங்காது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அறுபத்துமூன்று பேர் வேலை செய்கிறோம். சம்பள நாளில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களும் அதில் இருக்கிறார்கள்.

நேற்று சர்ச்சுக்குப் போகவில்லை. காலையிலிருந்தே கேட்டில் நின்றேன். ஐந்து மணிக்குச் சோலூர் லாரி வந்தது. அய்யாவு ஒரு சீட்டில் பென்சிலால் நேரத்தையும் எடையையும் குறித்துக்கொண்டார். சீட்டில் எழுதலாம், புஸ்தகத்தில் எழுதக் கூடாதா என்று கேட்டேன். "பென்சில்ல எழுதறது கணக்குல வராதுங்க, பேனா வெச்சாத்தானுங்க கணக்கு" என்றார். அந்தச் சீட்டுகளையெல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டுவைத்திருக்கிறார். ஏப்ரல், மே சீட்டுகளை வாங்கி இத்துடன் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன்.

முதலாளியிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். சொன்னால் உன்னைக் கீழே இழுக்கத்தான் சொன்னேன் என்று நினைப்பார். அப்படி நினைத்தால் அதில் தப்பில்லை என்பதால்தான் சொல்ல வாய் வரவில்லை. முடிவை உன்னிடம் விடுகிறேன். நீ எது சொன்னாலும், அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை.

உன் அண்ணன்,
தனசிங்


கோயமுத்தூர்
2-9-2000

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதமும் சீட்டுகளும் புதன்கிழமையே வந்துவிட்டன. படித்து முடித்ததும் முதலில் அழுதேன், பிறகு உங்களைத் திட்டினேன். ஹாஸ்டல் அறையில் இருக்கும் பெண் பயந்துபோய் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். இரண்டு மாதம் என்னைப் பேச விட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். மன்னித்துவிட்டேன் என்று எழுத இப்போது எனக்கு வரவில்லை. பிறகு வரலாம்.

நேற்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து முதலாளியிடம் பேசினேன். என் கணக்கில் பெரிய தப்பு இருக்கிறது, லாரி வந்த நேரத்தை நான் நேரில் நின்று சரிபார்க்கவில்லை, கட்டடம் வேண்டாம் என்றேன். அவர் கேட்டார்: "அப்ப உங்கண்ணன் சொன்னதுதானுங்களா சரி?" நான் ஆமாம் என்றேன். என் வாழ்க்கையில் ஒரு ஆமாம் சொல்ல இவ்வளவு சிரமப்பட்டதில்லை. "உங்கண்ணனுக்கு இது முன்னாடியே தெரியுங்களா?" என்றும் கேட்டார். அண்ணன் எழுதித்தான் எனக்கே தெரியும் என்றேன். அது உண்மைதான், அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. பூஜையை நிறுத்திவிட்டார். பேங்குக்குத் தானே போய்ச் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். என்னை மேடம் என்று சொல்லவில்லை.

பேராசிரியர் அறிக்கையைத் திருப்பித் தந்துவிட்டார். ஆறு மாதம் தள்ளிப்போகிறது. இந்தத் தடவை செவ்வாய்க்கிழமை வந்து கேட்டில் நிற்பேன்.

நீங்கள் அவ்வளவும் எழுதிவிட்டீர்கள், நான் ஒன்றும் எழுதாமல் இருந்தால் நியாயமில்லை. ஊரில் எத்தனையோ மில் இருக்கிறதே, ஏன் என் ஃபேக்டரிக்கு வந்தாய் என்று கேட்டிருந்தீர்கள். சின்ன வயதில் இதே ஃபேக்டரிக்கு அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவோம் நாம் இரண்டு பேரும். அவர் உங்களை மட்டும் உள்ளே கூட்டிக்கொண்டு போவார். நான் கேட்டில் நின்று காலித் தூக்குச் சட்டிக்காகக் காத்திருப்பேன். வீட்டுக்கு வந்தால் நீங்களும் அப்பாவும் இலை சிவந்தது, மெஷின் சூடானது என்று பேசிக்கொண்டே சாப்பிடுவீர்கள். எனக்கு ஒன்றும் புரியாது, யாரும் சொல்லவும் மாட்டீர்கள். அப்பாவின் கை போனதற்குப் பிறகும் அவர் பேசியது உங்களோடுதான். அங்கே நின்று நின்று உங்களுக்கு மட்டும் தெரிந்ததை நிற்காமலே நான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வந்தேன். உங்களைத் தப்பு என்று காட்டவும்தான்.

சீட்டுகளில் இருந்த நேரத்தைப் போட்டு வியாழக்கிழமை மறுபடி ஓட்டினேன். நீங்கள் சொன்னதே வந்தது. சோலூர் லாரி ஒரு மணிக்கு வந்தால் போதும், புதிதாக ஒரு மெஷின்கூடத் தேவையில்லை. மழை, பஞ்சர், ஆள் வராத நாள் எல்லாவற்றையும் மாடல் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிதாகக் குலுக்கிப் போடும். அதனால் ஒரே ஓட்டத்தை நம்பக் கூடாது, ஐந்து தடவை ஓட்டினால் போதும் என்பது எங்களுக்குப் பாடம். நான் பதினொரு தடவை ஓட்டினேன். ஒரு தடவையாவது நீங்கள் சொன்னது தப்பாக வரட்டும் என்றுதான் ஓட்டினேன். வரவே இல்லை அண்ணா.

சுந்தரி